யாருக்குக் கட்டுபடி?

விற்பவரும் வாங்குபவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கட்டுபடியாகுமா? இங்கிலாந்தில் ஓய்வுக்கால அடுக்ககங்களைச் சுற்றிப் பல ஆண்டுகளாக நடக்கும் வாதம் இந்த ஒரு சொல்லின் இரு முனைகளுக்கு இடையிலானது. கட்டுகிறவருக்குக் கட்டுபடியாக வேண்டும். குடியிருக்க வருபவருக்கும் கட்டுபடியாக வேண்டும். இரண்டும் மோதினால் உள்ளூர் மன்றம் எந்தப் பக்கம் நிற்பது?

அங்கே பத்து வீடுகளோ அதற்கு மேலோ கட்ட அனுமதி கேட்கும் நிறுவனத்திடம், அவற்றில் ஒரு பங்கைச் சந்தை விலைக்குக் கீழே தரும்படி மன்றம் கேட்கலாம். 1990ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி எழுதும் ஒப்பந்தம் அதை உறுதிசெய்கிறது. அந்தப் பங்கு சில ஊர்களில் 30 விழுக்காடு, சில ஊர்களில் 40. முதியோர் அடுக்ககம் கட்டுபவர்கள் இந்தக் கடமையிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் முன்வைக்கும் கணக்கைப் பேராசை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பொதுக் கூடம், விருந்தினர் அறை, மேலாளர் அறை, அகலமான நடைவழிகள் என்று கட்டிய பரப்பில் கால் பங்கு வரை விற்க முடியாத இடமாகப் போகும். பராமரிப்புச் சேவையும் சேர்ந்த வளாகமென்றால் அதற்கும் மேல். தனி வீடுகளைப் பத்துப் பத்தாகக் கட்டி விற்று, அந்தப் பணத்தில் அடுத்த பத்தைக் கட்டலாம். ஒற்றைக் கட்டடத்தில் அது நடக்காது. கூரை போட்டு, லிஃப்ட் ஓடி, கூடத்தில் நாற்காலி போட்ட பிறகுதான் முதல் பாட்டி உள்ளே வருவார். அவரும் நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் வர வேண்டும். அதுவரை காலியாகக் கிடக்கும் வீடுகளின் செலவு நிறுவனத்தின் தலையில். போதாததற்கு மனை கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில், மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போட்டி அதிகம்.

இவை அத்தனையும் உண்மை. ஆனால் இந்தச் செலவு முடிவில் யார் தலையில் விழுகிறது என்பதை நிறுவனங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கட்டி விற்கும் மொத்த வருமானத்திலிருந்து கட்டுமானச் செலவு, வட்டி, லாபம், மன்றத்துக்குத் தரவேண்டியது எல்லாம் போக மிஞ்சுவதுதான் மனைக்குக் கொடுக்கக்கூடிய விலை. லாபமாக 15 முதல் 20 விழுக்காடு வரை நியாயம் என்று அரசின் வழிகாட்டியே ஏற்கிறது. ஆகவே கடமையைக் கூட்டினால் முதலில் இறங்குவது மனை விலை. தள்ளுபடி செய்தால் ஏறுவதும் அதுவே. விதிவிலக்குப் பெற்ற முதியோர் வீடு அதனால் மலிவதில்லை. அதன் விலையைத் தீர்மானிப்பது அக்கம்பக்கத்து வீடுகளின் விலை.

லண்டன் இஸ்லிங்டனில் பார்க்ஹர்ஸ்ட் சாலை மனை வழக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. அது முதியோர் திட்டம் இல்லை, கணக்கு ஒன்றுதான். 2013இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் மனையை 1.325 கோடி பவுண்டுக்கு வாங்கிய நிறுவனம், இவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டோம், மலிவு வீடுகளுக்கு இடமில்லை என்றது. மன்றத்தின் இலக்கு 50 விழுக்காடு. நிறுவனம் தர முன்வந்தது 10. 2018இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஹோல்கேட் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கொள்கையைக் கண்டுகொள்ளாமல் அதிக விலை கொடுத்தவர், அந்த விலையையே காரணமாகக் காட்ட முடியாது. அதே ஆண்டு அரசின் வழிகாட்டியும் மனையின் இப்போதைய பயன்பாட்டு மதிப்பிலிருந்தே கணக்குத் தொடங்க வேண்டும் என்று மாறியது.

முதியோர் வீடு கட்டுபவர்கள் இன்னொரு வழியிலும் தப்பிக்கப் பார்த்தார்கள். கட்டடப் பயன்பாட்டுப் பட்டியலில் குடியிருப்பு வீடு சி3, பராமரிப்பு நிலையம் சி2. எங்கள் வளாகம் சி2, எனவே வீடுகளுக்கான விதி எங்களைத் தொடாது என்பது வாதம். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் தேம் ஊரில் 78 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்துக்கு இப்படிச் சொன்ன நிறுவனத்தின் வழக்கு 2020இல் அதே ஹோல்கேட்டிடம் வந்தது. தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குளியலறை உள்ள இடம் எந்த எழுத்தின் கீழ் வந்தாலும் வீடாக இருக்கலாம் என்றார் அவர். தெற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் 40 விழுக்காடு விதி அதற்கும் பொருந்தும். சரியான தீர்ப்பு. உள்ளே போய் வாழ்பவர் கதவைத் தாழிட்டுத் தன் வீடு என்றுதான் நினைக்கிறார். 2021 லண்டன் திட்டமும் முதியோருக்கான இத்தகைய வீடுகளை மலிவு வீட்டுக் கடமைக்குள் வைத்திருக்கிறது.

மிக வலுவான எதிர்வாதம் வேறு. ஒரு முதியவர் சிறிய வீட்டுக்கு மாறினால் ஒரு குடும்ப வீடு காலியாகிறது. இந்த வீடுகளோ மிகக் குறைவு. முதியோர் வீடுகள் பற்றி 2022இல் வந்த மேயூ அறிக்கை ஆண்டுக்கு 50,000 வேண்டும் என்றது. சுமையைக் கூட்டினால் கட்டுவதே நின்றுபோகாதா? இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தயக்கம் வாங்குபவர்களிடமும் இருக்கிறது. ஏறிக்கொண்டே போகும் பராமரிப்புக் கட்டணம், மறுவிற்பனையில் விழும் விலை இரண்டையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புதிய ஓய்வுக்கால வீடுகளுக்கு நிலவாடகை நின்றதே 2023 ஏப்ரலில்தான்.

இந்த வாதத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகும் முதியவர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுதும் வாடகைக்கு இருந்தவர். விற்க வீடில்லை; ஓய்வூதியத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போகிறது. சமூக வாடகை வீட்டுக்காக இங்கிலாந்தில் காத்திருக்கும் 13 லட்சம் குடும்பங்களில் அவரைப் போன்றவர்களும் உண்டு. முதியோர் பெயரால் கேட்கும் விதிவிலக்கு, வீடுள்ள முதியவருக்காக இவருடைய பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. என்னால் ஏற்க முடியாதது இதுதான்.

ஆகவே முழு விதிவிலக்குக் கூடாது. எல்லாருக்கும் ஒரே விழுக்காடு என்பதும் தவறு. உண்மையான கூடுதல் செலவை அது மறைக்கிறது. ஊர்த் திட்டம் எழுதும்போதே ஓய்வுக்கால அடுக்ககத்துக்கும் பராமரிப்பு வளாகத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துத் தனி விகிதம் வைக்க வேண்டும். விலை தாழ்ந்த ஊரில் கணக்கு பூஜ்யம் என்றால் பூஜ்யமே இருக்கட்டும். மலிவு வீடுகளை அதே கட்டடத்தில் வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். அங்கே மாதாமாதம் வரும் பராமரிப்புக் கட்டணம் ஏழை வாடகைதாரருக்குக் கட்டுபடியாகாது; பிறர் கட்டடத்தில் சிதறிக் கிடக்கும் நாலு வீடுகளை நிர்வகிக்க, சமூக வாடகை வீடுகளை நடத்தும் வீட்டுச் சங்கங்களும் தயங்குகின்றன. ஈடாகப் பணம் வாங்கலாம்.

ஆனால் அனுமதி நாளில் போட்ட கணக்கோடு அந்தப் பணம் முடிந்துவிடக் கூடாது. லண்டன் பின்பற்றும் முறையில் முக்கால் பங்கு வீடுகள் கைமாறிய நிலையில் கணக்கைத் திரும்பத் திறக்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட விலை ஏறியிருந்தால் மன்றத்துக்கும் அதில் பங்கு. எல்லா ஊர் மன்றங்களும் இதைக் கட்டாயமாக்கி, வரும் தொகையை அதே ஊரில் முதியோருக்கான சமூக வாடகை வீடுகளுக்கென்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.