கொடி போகட்டும், கூரையைப் பாருங்கள்

பெய்ஜிங் அரண்மனைக்குச் சுற்றுலாக் குழுவோடு போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தது, கால்வலிதான் மிச்சம்" என்பார்கள். முதல் தடவை போய் வந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். தெற்கு வாசலில் நுழைந்தோம். கைடு தூக்கிப் பிடித்த சின்னக் கொடியைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற பயத்திலேயே இரண்டு மணி நேரம் நடந்து, வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தோம். சிவப்புச் சுவர், மஞ்சள் ஓடு. மறுபடியும் சிவப்புச் சுவர், மஞ்சள் ஓடு.

அந்த 'ஒரே மாதிரி'தான் அங்கே விஷயமே என்பது அடுத்த முறைதான் உறைத்தது. 72 ஹெக்டேர் பரப்பில் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டு, உயர்வு தாழ்வைச் சின்னச் சின்ன வித்தியாசங்களில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதில்தான் ருசி.

முதலில் கூரை மூலைக்குப் போங்கள். சரிந்து இறங்கும் முகட்டின் நுனியில் பறவை மேல் ஏறிய ஒரு மனித உருவம் இருக்கும். அதன் பின்னால் வரிசையாகச் சிறு மிருகங்கள் குந்தியிருக்கும். மனிதனை விட்டுவிட்டு மிருகங்களை மட்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடக்கூடக் கட்டடத்தின் அந்தஸ்தும் கூடும். சக்கரவர்த்தி முடிசூடிய தைஹே மண்டபத்தில் பத்து. பின்கட்டில் அவர் வசித்த மாளிகையில் ஒன்பது. அதற்கும் பின்னால் மகாராணியின் மாளிகையில் ஏழு. தைஹேயின் பத்தாவது உருவத்தைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: சிறகு முளைத்த குரங்கு மாதிரி ஒன்று கையில் ஆயுதத்தோடு நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கட்டடமும் இன்னொன்றைப் போல இருக்காது.

அடுத்து, முற்றங்களில் நிற்கும் பிரம்மாண்டமான அண்டாக்கள். எல்லாரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கட்டடம் முழுக்க மரம் என்பதால், தீயணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த அண்டாக்கள் இவை. குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்க அடியில் கரி மூட்டுவார்களாம். தங்க முலாம் பூசியவற்றின் மேல் கீறல் கீறலாக இருக்கிறது பாருங்கள். 1900-இல் நகருக்குள் புகுந்த எட்டு நாட்டுப் படைவீரர்கள் தங்கத்தைச் சுரண்டிய தடம் அது என்று கைடுகள் சொல்வார்கள்.

இந்த அரண்மனையை எழுப்பியவர் மிங் வம்சத்து யோங்லே சக்கரவர்த்தி. 1406-இல் வேலை தொடங்கி 1420-இல் முடிந்தது. இதே யோங்லேயின் தளபதி செங் ஹே கப்பலில் கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று 1911-இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. அதில் 1409-ஆம் ஆண்டு என்ற குறிப்போடு சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் இருக்கின்றன. பெய்ஜிங்கில் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தபோதே அந்தச் சக்கரவர்த்தியின் பெயரால் தமிழில் கல் பொறித்திருக்கிறார்கள்! கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் கேட்ட எந்தக் கைடும் இதைச் சொல்லவில்லை.

அரண்மனையின் வடக்கு வாசல் வழியாக வெளியே வந்ததும் எல்லாரும் பஸ்ஸைத் தேடுவார்கள். எதிரே ஜிங்ஷான் குன்று, அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி உயர்த்தியது. கைடிடம் கெஞ்சியாவது அரை மணி நேரம் வாங்கி உச்சிக்கு ஏறிவிடுங்கள். நடந்து வந்த நேர்க்கோடு முழுவதும் மஞ்சள் கூரைகளாகக் காலடியில் கிடக்கும். பட்டுக்கடையிலும் பச்சைக்கல் கடையிலும் போகிற நேரத்தை நினைத்தால் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. (திங்கட்கிழமைகளில் பொதுவாக அரண்மனை மூடியிருக்கும். பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிட்டு வராதீர்கள்.)

கோடைக்கால அரண்மனை என்கிற யிஹேயுவானுக்கு இந்தக் கண்ணோடு போனால் ஏமாந்துவிடுவீர்கள். அது தோட்டம். அங்கே எண்ண வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும். சியன்லோங் சக்கரவர்த்தி தாயின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி 1750-இல் தொடங்கியது. 1860-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் எரித்ததைப் பேரரசித் தாய் சீஷி புதுப்பித்தார். கும்பல் கூடும் சலவைக்கல் படகில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. மேல்தட்டு, சலவைக்கல் போல வர்ணம் பூசிய வெறும் மரம்.

நேரத்தை நீண்ட நடைக்கூடத்துக்குக் கொடுங்கள். 728 மீட்டர் நீளம், உத்தரங்களில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கழுத்துதான் சுளுக்கும். இரண்டு ஓவியம் பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் திரும்புங்கள். இரண்டிரண்டு தூண்களுக்கு நடுவே ஏரி ஒரு சட்டமிட்ட படமாக நிற்கும். நாலு அடி வைத்தால் படம் மாறும்.

அப்படி நடந்தபோதுதான் மேற்கே, தண்ணீருக்கும் மரங்களுக்கும் அப்பால், குன்றின் மேல் ஒரு கோபுரம் தெரிந்தது. தோட்டத்தின் கடைசி மூலை போலிருக்கிறது என்று நினைத்து, "அங்கே எப்போது போவோம்?" என்று கைடிடம் கேட்டேன். சிரித்தார். "அது தோட்டத்துக்கு வெளியே, வேறொரு மலையில் இருக்கிறது. சீனத் தோட்டக்காரர்கள் அதைக் கடன் வாங்கிய காட்சி என்பார்கள்" என்றார். மதில் எங்கே முடிகிறது என்று தேடினேன். கரையோர மரங்கள் அதை மறைத்திருந்தன.