மார்க் பொருந்தினால் போதுமா?

டைமிங் பெல்ட் மாற்றும்போது மெக்கானிக்குக் கைகொடுப்பவை சில சின்னக் குறிகள்தான். கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு எதிரே சிலிண்டர் ஹெட்டில் ஒரு வெட்டு; கீழே கிராங்க்ஷாஃப்ட் பல்சக்கரத்திலும் அதேபோல ஒரு சோடி. கிராங்கையும் கேமையும் இணைக்கும் சங்கிலி பெரும்பாலும் எஞ்சினின் ஆயுள் வரை உழைக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரோடு வந்த ரப்பர் பெல்ட்டோ குறித்த காலத்தில் மாற்றியே ஆகவேண்டியது. அதனால் தொழிற்சாலையில் ஒருமுறை செய்த வேலையைச் சாதாரணப் பட்டறைகளும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. அதற்கு இந்தக் குறிகளை, அதாவது மார்க்கை, பொருத்தி மாட்டுவதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அது வேலையைத் தொடங்கும் வழிதான். வேலை சரியாக முடிந்தது என்பதற்குச் சான்று ஆகாது.

முதலில் இந்த முறையின் பலத்தைப் பார்ப்போம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று கொண்டால், ஒரு பல் தப்பினால் கேமில் 9 பாகையும் கிராங்கில் 18 பாகையும் பிசகும். பெல்ட் ஏதாவது ஒரு பல்லில்தான் உட்கார முடியும். இரண்டு பல்லுக்கு நடுவில் உட்காராது. ஆகவே கண்ணால் பார்ப்பதில் சிறு கோணப் பிழை இருந்தாலும், அது அரைப் பல்லுக்குள் அடங்கும்வரை பெல்ட் சரியான இடத்தில்தான் விழும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு துல்லியம் கிடைப்பது இதனால்தான்.

பலவீனமும் இங்கேயே தொடங்குகிறது. குறி காட்டுவது பல்சக்கரம் நிற்கும் இடத்தை. வால்வும் பிஸ்டனும் நிற்கும் இடத்தை அல்ல. சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவி (key) இல்லாமல் போல்ட்டின் இறுக்கத்தால் மட்டும் சக்கரம் தண்டில் நிற்கும் எஞ்சின்களில், போல்ட்டைத் தளர்த்தியதுமே சக்கரத்துக்கும் தண்டுக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். குறியைத் தவறாகப் படிப்பது இன்னொரு ஆபத்து. சுபாரு இஜே வகை எஞ்சின்களில் கிராங்க் சக்கரத்தில் ஓர் அம்புக்குறி எடுப்பாகத் தெரியும். ஆனால் பெல்ட் மாட்டப் பார்க்கவேண்டியது சக்கரத்தின் பின்விளிம்பில் இருக்கும் சிறு கோட்டை. அந்தக் கோடு பொருந்தும்போது பிஸ்டன்கள் மேல்முனையில் இல்லாமல் பாதி வழியில் நிற்கும். முதல் சிலிண்டர் எப்போதும் உச்சியில்தான் நிற்கவேண்டும் என்ற பழக்கத்தில் அம்பை நம்பி மாட்டியவர் தவறாகத்தான் மாட்டியிருப்பார். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது பெல்ட்டின் தொய்வு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டினாலும் குறிகள் பொருந்தியே தெரியும். டென்ஷனர் இழுத்த பிறகுதான் கேம் ஒரு பல் நகர்ந்திருப்பது தெரியவரும்.

பழைய பெல்ட்டிலும் சக்கரங்களிலும் பெயின்ட்டால் கோடு போட்டு, அதைப் புது பெல்ட்டுக்கு மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பற்களை எண்ணிச் சரிபார்த்தால் அது நல்ல துணைதான். ஆனால் பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தப்பியிருந்தால், அந்தப் பிழையும் அப்படியே புது பெல்ட்டுக்கு வந்துவிடும். கேமையும் கிராங்கையும் அசையாமல் பூட்டும் கருவி இருந்தால் குறியே வேண்டாம் என்பது அடுத்த வாதம். சாவியில்லாத சக்கரங்களுக்கு அது உண்மை. மற்ற எஞ்சின்களுக்கு அந்தச் செலவு அவசியமில்லை. தொய்வை அந்தக் கருவியும் காட்டிக்கொடுக்காது. ஒரு பல் தப்பினாலும் வண்டி ஓடத்தானே செய்கிறது என்பாரும் உண்டு. பல எஞ்சின்கள் ஓடும்தான். ஆனால் இழுவை குறையும், எரிபொருள் கூடும், எச்சரிக்கை விளக்கு எரியலாம். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் எஞ்சினில் பிசகு இன்னும் கூடினால் வால்வு வளைந்து ஹெட்டையே கழற்றவேண்டி வரும்.

இந்தக் குறைகளில் அதிகம் ஏமாற்றும் தொய்வைப் பிடிக்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். டென்ஷனரை இறுக்கிய பின், எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கை ஸ்பேனரால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு, குறிகளை மறுபடி பார்க்கவேண்டும். பெல்ட்டில் அச்சிட்ட கோடுகள் அப்போது பழைய இடத்துக்கு வராது; அது தவறல்ல, சக்கரக் குறிகள் வந்தால் போதும். சுற்றும்போது எங்காவது தட்டி நின்றால், வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் அங்கேயே நிறுத்தவேண்டும். நேரமில்லை என்று இதைத் தவிர்க்கும் பட்டறை, தான் மிச்சம்பிடித்த சில நிமிடங்களுக்கான விலையை வண்டிக்காரர் தலையில் கட்டுகிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகும் குறிகள் பொருந்தினால் மட்டுமே வண்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்கலாம்.