திட்ட மேலாண்மைச் சான்றிதழ்: அனுபவம் யாருடையது?

பாடநூலையெல்லாம் ஒரு பிரதியாக வாசிக்கணுமா என்று கேட்பவர்கள் உண்டு. கவிதை, நாவலுக்கு வெளியே விமர்சனம் போகக்கூடாது என்கிற பழக்கம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. ஆனால் அபிராமம் மாதிரி, பிழைப்புக்காகப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிற ஊர்களில், ஒரு பொறியியல் பட்டதாரியின் பதவியையும் சம்பளத்தையும் தீர்மானிக்கிற பிரதிகளில் ஒன்று ‘பிம்பாக்’ எனப்படும் திட்ட மேலாண்மைக் கையேடு. அதை மனப்பாடம் செய்கிறார்களே தவிர யாரும் வாசிப்பதில்லை.

1969இல் அமெரிக்காவில் தோன்றிய பி.எம்.ஐ. என்ற அமைப்பு 1984இலிருந்து பி.எம்.பி. சான்றிதழை வழங்கி வருகிறது. 2021 ஜனவரியில் வந்த முறைப்படி 230 நிமிடத்தில் 180 கேள்விகள். பட்டதாரி என்றால் 36 மாதம், பள்ளியோடு நின்றவர் என்றால் 60 மாதம் திட்டங்களை ‘வழிநடத்திய’ அனுபவம் வேண்டும். அதோடு 35 மணி நேரப் பயிற்சி. பட்டமில்லாதவருக்கும் கதவு திறந்துதானே இருக்கு, அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை அந்த ‘வழிநடத்திய’ என்ற சொல்லில் இருக்கிறது.

சாரத்துக்கு எத்தனை ஆள், எந்த நேரத்தில் கான்கிரீட் போட்டால் வெயிலில் வெடிக்காது, ஜல்லி லாரி வரலேன்னா ஆட்களை எந்த வேலைக்குத் திருப்புவது – கால அட்டவணை, செலவு, இடர் என்று கையேடு பிரித்துப் பேசுகிற எல்லாமும் ஒரு மேஸ்திரியின் மனக்கணக்கில் சேர்ந்தே நடக்கிறது. இதை அனுபவமாக மாற்ற விண்ணப்பத்தில் நோக்கம், பொறுப்பு, விளைவு என்று எழுதிக்காட்ட வேண்டும். தேர்வை அரபியில் எழுதலாம், தமிழில் முடியாது. கட்டடம் எழுந்த நாட்டின் மொழிக்கு இடமுண்டு, எழுப்பியவர் மொழிக்கு இல்லை.

திட்டமிடுவதையும் செய்வதையும் பிரித்து, முன்னதை மேலாளர் கையில் கொடுத்தவர் டெய்லர். அவருடைய ‘அறிவியல் மேலாண்மை’ நூல் 1911இல் வந்தது. அவருடன் வேலை பார்த்த கான்ட்டின் பெயரில்தான் இன்றைக்கும் கால அட்டவணைப் படங்கள் வரையப்படுகின்றன. 2017இல் வந்த ஆறாம் பதிப்பு இந்தப் பிரிவினையைத் தன்னையறியாமல் காட்டிக்கொடுத்தது. அதுவரை ‘மனிதவள மேலாண்மை’ என்றிருந்த அத்தியாயம் அதில் வெறும் ‘வள மேலாண்மை’ ஆனது. மனிதரும் சிமெண்டும் ஒரே தலைப்பின்கீழ் வந்தார்கள். 2021இன் ஏழாம் பதிப்பு ‘குழு’ என்று பேசத் தொடங்கியது உண்மை. ஆனால் அந்தக் குழுவுக்குள் சாரத்தில் நிற்பவர் உண்டா?

தொலைவில் போய்த் தேடவேண்டாம். அபிராமம் இருக்கிற கமுதி வட்டத்திலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் எட்டே மாதத்தில் எழுந்தது. சுமார் 8,500 பேர் வேலை பார்த்ததாகச் செய்திகள் வந்தன. மேலாண்மை மொழியில் இது காலக்கெடுவின் வெற்றி. அந்த எட்டு மாதத்தை அனுபவமாக எழுதிக்கொள்ளக்கூடியவர்கள் ஒரு சிலர். மற்றவர்களுக்கு அது கூலி கிடைத்த நாட்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்மாட்கள் உடனே கண்மாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: ‘குடிமராமத்துதான் நம்ம திட்ட மேலாண்மை, சான்றிதழா வாங்கினோம்?’ இந்த ஏக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. குடிமராமத்து உழைப்பைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. மடை திறக்கிற வேலை பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. நீரின் போக்கு முழுக்கத் தெரிந்த நீர்பாய்ச்சி, அந்த அறிவோடு வேறு ஊருக்குப் போய் வேறு ஆளாக நிற்க வழியில்லை. சான்றிதழ் இதையாவது செய்கிறது: யார் மகன், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ரியாத்திலும் துபாயிலும் ஒரே தாள், ஒரே மதிப்பு. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே சான்றிதழ் வாங்குவதைக் கேலி செய்வது மேட்டுக்குடிச் சொகுசு. வாங்கட்டும். பிறப்பின் இடத்தில் அது அனுபவத்தை வைக்கிறது. அதே கையோடு, எழுதத் தெரிந்தவரின் அனுபவத்தை மட்டுமே அனுபவம் என்கிறது. முதல் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டாவது பாதியோடு சண்டை போடணும். வாங்கியவர்கள் நாளை தங்கள் திட்ட அறிக்கையில் ‘வளம்: 40’ என்று எழுதும்போது, அந்த நாற்பதில் தன் அப்பாவோ மாமாவோ ஒருகாலத்தில் நின்றதை நினைத்துப் பார்ப்பார்களா? நினைத்தால் மட்டும் போதாது. மேஸ்திரியின் கணக்கை அவர் பெயரோடு அறிக்கையில் ஏற்ற வேண்டும். அதற்குக் கையேட்டின் எந்தப் பதிப்பும் தடை சொல்லவில்லை.