மழைக்காட்டு நிழலில் ஐஎஸ்ஓ

வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வேன்: ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படாதீர்கள். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, தலைக்கு மேலே அடர்ந்த இலைக்கூரை. நண்பகலிலும் அங்கே வெளிச்சம் குறைவுதான். பலாச்சுளையை வாயில் கவ்விக்கொண்டு கிளை தாவும் குரங்குக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். எஃப் 5.6 லென்ஸில் அதற்கு 3200, 6400 என்று ஏறத்தான் வேண்டியிருக்கும்.

ஐஎஸ்ஓ 100-ஐ விட்டு நகராதவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஐஎஸ்ஓ கூடினால் தெரியும் புள்ளிகள் (நாய்ஸ்) இல்லாத படம் வேண்டும் என்று நினைத்து, கலங்கிய படத்தோடு திரும்புகிறார்கள். புள்ளிகளை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம். அசைந்துபோன கண்ணை மீட்க முடியாது. இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினாலோ, கறுப்பு ரோமத்தில்தான் புள்ளிகள் முதலில் கிளம்பும்.

எனக்குப் பிடித்த வழி, ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் நானே வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு 6400 என்று வரம்பு கட்டுவது. குரங்கு நிதானமாக உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்க்கத் தொடங்கினால் ஷட்டரை 1/250-க்கு இறக்குவேன். 6400-இல் இருந்த ஐஎஸ்ஓ தானாக 1600-க்கு வந்துவிடும். அப்போது பிடரி மயிர் இழை இழையாகத் தெரியும், என்ன அழகு அது! வெளிர் வானம் பின்னால் வந்தால் மட்டும் கேமரா ஏமாறும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டாவிட்டால் முகம் கரிக்கட்டைதான்.