தாழ்ந்த குரல்

களனி கங்கை கடலோடு சேரும் மட்டக்குளியில் ஓர் அருமையான கைத்திறனைப் பார்த்தேன். முரட்டுப் பையன் என்று பெயரெடுத்த ஒருவன் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வகுப்புக்குள் வந்தான். ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. "வா தம்பி, காலையில சாப்பிட்டியா?" என்றார். விறைத்திருந்த அவன் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அவன் தட்டிவிட்ட கொப்பிகளை அவரே குனிந்து பொறுக்கி, மடங்கிய ஓரங்களைச் சுண்ணக்கட்டித் தூள் படிந்த விரலால் நீவி அடுக்கினார். மூன்றாவது கொப்பியை எடுத்தது அவன் கை. இன்னொரு நாள் அவரே பிந்தி வந்தார். "பிந்திட்டேன், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்பது தோல்வியல்ல என்பதற்கு அந்த வகுப்பில் வேறு பாடம் தேவைப்படவில்லை.

பக்கத்து முகத்துவாரத்தில் புனித டி லா சால் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. நல்லாசிரியருக்கு வேண்டிய 12 பண்புகளை வரிசைப்படுத்திய அந்தப் புனிதர், அமைதியை இரண்டாவதாகவும் பொறுமையை ஆறாவதாகவும் வைத்தார். ஏட்டில் இருக்கும் அந்த இரண்டையும் இந்த ஆசிரியரின் குரலில் கேட்டேன். பிள்ளைகளைப் பண்படுத்துவதும் தேங்காய்ப்பூவில் பால் பிழிவதுபோலத்தான், ஒரே பிழியில் எல்லாம் வந்துவிடாது. மறுபடியும் நீர் விட்டு, மறுபடியும் பிழிய வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு தவணை போதும், சிலருக்கு வருடங்கள் வேண்டும். பிள்ளைகள் நாம் சொல்வதை மறந்துவிடலாம். நாம் நடந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.