பாயில் கொஞ்சம் இடம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற வழியில் கிணத்துக்கடவில் டீ குடிக்க இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பக்கம் பொன்மலை வேலாயுதசாமி குன்று. தெருக்கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சபை, உள்ளே கீபோர்டு, டிரம் பேட் அமர்க்களம். நடுவில் திடீரென்று ஒரு கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முறையாக. தஞ்சாவூர் வாசனை.

அந்த வாசனைக்குப் பெரிய காரணம் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). நெல்லைச் சீமையில் பிறந்து, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு படித்தவர். குறவஞ்சியையே பெத்லகேமுக்கு அழைத்துப்போனவர். தேவாலயத்தில் தமிழ் இசை கூடாது, கல்யாணத்துக்குப் பூ கூடாது என்று புது மிஷனரிகள் கெடுபிடி செய்தபோது எதிர்த்து எழுதினார்.

சபாஷ் என்கிறீர்களா? பொறுங்கள். அதே காலத்தில் அதே பேனா, சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரவும் வக்காலத்து வாங்கியது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விடவேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சையில் பலர் சபையையே விட்டார்கள், சாதியை விடவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள்.

சாஸ்திரியாருக்கு நேர் எதிர்முனையில் ஒருவர் உண்டு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. 2005-ல் மறைந்தார். 'பறட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டு கிராமத்து மெட்டில், பேச்சுத்தமிழில், பறை முழங்க வழிபாட்டுப் பாடல்கள் தந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது 'ஒரே உலை'. ஒரு பானையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் அவருக்குத் திருவிருந்து.

இசையாக மட்டும் கேட்டால் என் ஓட்டு சாஸ்திரியாருக்கு. அந்த நகாசு பறட்டையிடம் கிடையாது. ஆனால் கீர்த்தனையில் பாதிப் பேர் பாடுவார்கள், மீதிப் பேர் தலையாட்டுவார்கள். பறட்டையின் பாட்டில் சும்மா இருக்க முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பாடியே ஆகவேண்டும். வழிபாட்டுப் பாட்டை நான் அளப்பது இதை வைத்துத்தான். பவுலும் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், 11-ம் அதிகாரம், பாட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை. சிலர் வயிறு முட்டத் தின்ன, சிலர் பட்டினி கிடந்தால் அது கர்த்தரின் பந்தியே இல்லை என்று திட்டுகிறார்.

டீயை முடித்துவிட்டுச் சபை வாசலில் எட்டிப்பார்த்தேன். ஒரு பாட்டி திரும்பி, "உள்ற வாங்க சாமி, உக்காருங்க" என்று பாயில் நகர்ந்து இடம்விட்டார். எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. டிரம் பேட் தாளம் தப்பிக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.