தேய்வா, ஆக்கமா? – இருதய வால்வின் கல்சியப்படிவு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் மொழி பொதுவாகத் திறனாய்வுக்கு உட்படுத்தப்படுவதில்லை. ஆயினும், ஒரு சொல் ஒரு நோய் பற்றிய சிந்தனையை நீண்டகாலம் கட்டுப்படுத்தக்கூடும் என்பதற்குப் பெருநாடி வால்வின் கல்சியப்படிவு தக்க சான்றாகும்.

1904இல் ஜேர்மனிய நோயியலாளர் மொங்கபேர்க் இதனை முதுமையின் தேய்வாக விளக்கினார். இடையறாது திறந்து மூடும் வால்வு நைகின்றது. நைந்த இடத்திற் கல்சியம் படிகின்றது. வால்வு இறுகிக் குருதியின் வழி ஒடுங்குகின்றது. இவ்விளக்கத்தில் வால்வு வெறும் இயந்திர உறுப்பே. அதனுள் வாழும் கலங்களுக்குப் பங்கேதுமில்லை. தேய்ந்த உறுப்பை மாற்றுவதன்றி வேறு வழியில்லை என்ற முடிவும் இவ்வுருவகத்துள்ளேயே அடங்கியிருந்தது.

2001இல் அமெரிக்க ஆய்வாளர் மோலரும் பிறரும் சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட 347 வால்வுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் கல்சியம் படிந்திருந்த வால்வுகளில் ஏறத்தாழ 13 சதவீதமானவற்றில் முதிர்ந்த என்பே உருவாகியிருந்தது. கொழுப்புச் சேர்க்கை, அழற்சி, குருதியோட்டத்தின் அழுத்தம் ஆகியன வால்வின் இடைக்கலங்களைத் தூண்டுகின்றன. வால்வின் இழையத்தைப் பேணிவந்த அக்கலங்களுட் சில, என்பாக்கும் கலங்களின் இயல்பைப் பெறுகின்றன. என்புக்குரிய புரதங்களைச் சுரக்கின்றன. கல்சியமும் பொசுபேற்றும் படிவதற்குக் களம் அமைக்கின்றன. படிப்படியான அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகின்றது.

எனினும், பழைய கருத்தை முற்றாக மறுப்பதும் இயங்கியல் நோக்காகாது. பெரும்பாலான வால்வுகளில் முதிர்ந்த என்பு காணப்படவில்லை. இறந்த கலங்களைச் சூழ்ந்தும் கல்சியம் படிகின்றது. பிறவியிலேயே ஈரிதழ் கொண்ட வால்வுகள் முன்னதாகவே இறுகுவதில், அவற்றின்மீதான கூடுதல் அழுத்தத்துக்கும் பங்குண்டு. தேய்வு பொய்யன்று, அது முழுமையான செயன்முறையின் ஒரு கூறு மட்டுமே.

புதிய விளக்கமும் எளிதான வெற்றியைத் தரவில்லை. 1,873 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் வால்வு நோயின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஒரு மாற்றத்தைத் தொடக்கிவைக்கும் காரணியும் அதனைத் தொடர்ந்து நடத்தும் காரணியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நோயைத் தடுத்து நிறுத்துவதாக நிறுவப்பட்ட மருந்து இன்றும் இல்லை. 2002இல் பிரான்சிய மருத்துவர் கிறிபியே நெஞ்சைத் திறக்காது குழாய்வழி வால்வு பொருத்தும் முறையைத் தொடக்கிவைத்தார். மகத்தான சாதனை அது. ஆயினும், மாற்றுவால்வு பெருஞ்செலவுடையது. செல்வமும் வசதியும் மிக்க சமூகங்களுக்கே அது எளிதில் எட்டுகின்றது. கலத்தின் போக்கையே மாற்றும் மருந்தொன்று உருவாகுமாயின் அதன் பயன் பரந்துபட்ட மக்களையும் சென்றடைய வாய்ப்புண்டு.

எனவே, 'தேய்வு' என்ற சொல்லை விமர்சிப்பது வெறும் சொல்லாராய்ச்சியன்று. இயற்கையின் நியதி என்று கூறப்பட்டவிடத்து ஒரு செயன்முறையைக் காண்பதே அறிவியலின் முதற்பணி. செயன்முறையாகக் கண்டதையே மாற்ற முனையலாம். நியதியென ஏற்றதைச் சகிக்கவே முடியும்.